கறுப்பில் கறுப்பு

சம்மாந்துறை நெல் ஆலைக் கந்தோரில்
ராவு அப்டேட்டைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.
விடிய வந்து பார்த்தால்
மெனு கறுப்பு, அதில் எழுத்தும் கறுப்பு.
சுட்டி மட்டும்
உழுத வயலில் ஒற்றைக் கொக்கு.

வாசலில் இரண்டு லொறி.
முஸ்தகீம் துண்டு கேட்டு நிற்கிறான்:
ஈரப்பதம் பதினாறு, மூட்டை எண்பத்திரண்டு.
'சேவ்' எங்கே கிடக்கிறது? எனக்குத் தெரியாது,
விரலுக்குத் தெரிந்திருந்தது:
மூன்றாவது வரி, அமத்து.
பிரிண்டர் முனகிற்று. ஒரு லொறி போனது.

தீமை மாற்றினேன்;
தீமை தீரவில்லை.
ஐகான் இருந்த இடமெல்லாம் சாம்பல் கட்டம்.
மொனிட்டர் வயரைக் கழற்றி, ஊதி, பூட்டினேன்.
டிரைவரை ஏசினேன்
(லொறிக்காரன் திரும்பிப் பார்த்தான்).

கடைசியில் புதுக் கணக்கொன்று திறந்தேன்.
பெயர் கேட்டது. 'ஆரோ' என்று கொடுத்தேன்.
ஆரோவுக்கு
எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

அப்போ மெஷினில் பழுதில்லை.
ஆறு வருசமாய், பதிப்புக்குப் பதிப்பு
நான் காவி வந்த
ஒளிந்த கோப்புறைக்குள் இருக்கிறது.
அழிக்க மனமில்லை.
பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று ஒட்டி
ஒதுக்கிவிட்டு, என் பெயரில் நுழைந்தேன்.

எழுத்து வந்துவிட்டது.
மூன்றாவது வரியில் இப்போது
'அழி' இருக்கிறது.
விரலுக்கு இன்னும் சொல்லவில்லை.