கயிற்றின் நுனி

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
நடைபெறுகிறது. தோல்வி. கைவிடப்பட்டது.
ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்யவும் என்று
கீழே பொடி எழுத்து.

முனைக்காட்டுக் கரையில் வண்டியை நிறுத்தினேன்.
வாடை ஓய்ந்து மூன்று நாளாகியும்
கடல் தெளியவில்லை,
வடித்த கஞ்சி மாதிரிக் கிடந்தது.
கரை நெடுக மூங்கில்.
முறிந்தது, பிளந்தது,
கணுவோடு மணலில் குத்தி நின்றது.
எது யாருடைய தெப்பம் என்று
மூங்கிலுக்கே தெரியாது.

நம்புசெல்வி, குழு எண் பதினேழு,
சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டு
இடுப்புத் தண்ணீரில் நின்றார்.
நங்கூரக் கல்லைக் காலால் துழாவி
அதில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.
கயிறு வந்தது,
வந்துகொண்டே இருந்தது,
முனையில் தெப்பம் இல்லாமல் வந்தது.

"மொத தெப்பம் சித்திர வெயில்ல வெளுத்துச்சு சார்,
பாசி பூரா வெந்த சேமியா மாதிரி.
ரெண்டாவத ஓரா மீன் மேஞ்சிருச்சு.
அடியில வலை கட்டுனேன்.
மூணாவது நல்லாத்தான் வந்துச்சு.
நாப்பத்தஞ்சு நாளு ஆகணும்,
நாப்பத்தொண்ணாம் நாளு காத்து."
நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்,
ரேஷன் கடையில் மீதிச் சில்லறை எண்ணுகிற குரலில்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது இதுதான்:
ஆளைப் பார்க்காதே, கயிற்றின் நுனியைப் பார்.
கடல் அறுத்தது பிரிபிரியாய்த்
தாடிபோல் தொங்கும்.
கத்தி அறுத்தது மொட்டையாக இருக்கும்.

இவருடையது தாடி.
பத்தடி தள்ளி, அதே ஆழத்தில்,
இவர் கொழுந்தன் களஞ்சியத்தின் கயிறு
மொட்டை.

"அவன் ஏழு தடவ கட்டுனவன் சார்.
எட்டாவதயும் கட்டிட்டு
ராத்திரியோட ராத்திரியா அறுத்துவிட்டுட்டு
திருப்பூருக்கு பஸ் ஏறிட்டான்.
எப்படியும் இந்தக் காத்துக்குப் போயிருக்கும்.
நாலு நாளு பொறுத்திருந்தான்னா
அவனும் என்னைய மாதிரி தோத்திருப்பான்."

சொல்லும்போது சிரித்தாரா என்று தெரியவில்லை.
முகமெல்லாம் உப்பு.

அந்த மொட்டை நுனியைக்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
ஒரே இழுப்பில் அறுக்கவில்லை அவன்.
முக்கால் அடி மேலே ஒரு கீறல்,
அதற்குக் கீழே இன்னொன்று,
இன்னும் கீழே ஆழமாக ஒன்று
பாதியில் நிற்கிறது.
அதன் பிறகுதான் அறுந்த இடம்.
பயிற்சியில் இதைச் சொல்லவில்லை.
இதற்குக் கட்டமும் இல்லை.

என் வீட்டில் தேடினால்
அறுந்த கயிறு ஒரு முழம்கூடக் கிடைக்காது.
கட்டியிருந்தால்தானே.

"என்ன போடட்டும்?"
"தோல்வின்னு போடுங்க சார், பட்டையாப் போடுங்க.
தோத்தவளுக்குத்தான மறுகடன்?
விட்டவளுக்குக் கெடையாதுல்ல?"
விதி அப்படித்தான் சொல்கிறது.
எழுதியவர் கடலில் கால் நனைத்திருக்க மாட்டார்,
ஆனாலும் சரியாக எழுதியிருக்கிறார்.

சட்டைப்பையில் பாலிதீன்,
பாலிதீனுக்குள் தீப்பெட்டி.
மூன்றாவது குச்சி பிடித்தது.
தாடியைத் தீயில் காட்டினார்.
நைலான் சுருண்டு, கறுத்து, சொட்டியது.
ஈரக் கட்டைவிரலால் அழுத்தினார்,
ஸ் என்றது.
விரலை உதறிவிட்டு
வாயில் வைத்துக்கொண்டார்.
பிரி ஒட்டிக்கொண்டது.

"அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க சார்,
இந்த மூங்கி இன்னும் தாங்கும்."

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.
நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.
களஞ்சியத்தின் படிவம்
வண்டிப் பெட்டியில் இருக்கிறது,
மூன்று கட்டமும் காலியாக.