துண்டு விழும் மாதம்

பள்ளிக்கூடச் சுற்றறிக்கையின் முதுகில்
டிசம்பரை எழுதிப் பார்க்கிறேன்.
(முகத்தில்: பெத்தனி ஆட்டுக்குட்டி,
வெள்ளை உடுப்பு, காது இரண்டு, வியாழனுக்குள்.)
வாடகை. தண்ணீர். ரீஸின் பஸ் அட்டை.
வான்கோழி என்று எழுதி, அடித்து, கோழி.
குட்டிக்கோஸ் ஒரு வலை:
எங்கள் வீட்டில் எவருக்கும் பிடிக்காது,
ஆளுக்கு நாலு தட்டில் உருளாவிட்டால்
கிறிஸ்துமஸ் வந்ததாகக் கேவின் ஒப்புக்கொள்ள மாட்டான்.

மாடிப்படிக்கு அடியில் மீட்டர்.
காசு போட்டால்தான் கண் திறக்கும்.
கார்டைச் செருகி எண்ணைப் பார்த்தேன்:
மூன்று பவுண்ட் நாற்பது.
கிரிம்ஸ்பியில் நாலு மணிக்கே இருட்டிவிடும்,
விளக்கை மிச்சம் பிடிக்கத் தோதான ஊரில்லை இது.

பத்தாம் தேதி துவைக்கும் இயந்திரம்
ஒருமுறை குலுங்கி
வாய்நிறையத் தண்ணீரோடு நின்றுவிட்டது.
ஆள் வந்து எட்டிப் பார்க்கவே நாற்பத்தைந்து.
குளியல் தொட்டியில் துணியைக் கொட்டி
கால்சட்டையை மடித்துவிட்டு நால்வரும் மிதித்தோம்.
என் வேலைச்சட்டையில் மீன்வாடை மட்டும் போகவில்லை.
எட்டு மணி நேரம் பெல்ட்டில் வருகிற ஹாடக்குக்கு
என்னைப் பிரிய மனமில்லை.
(பண்டிகை அன்பளிப்பாகத் தொழிற்சாலை
ஆளுக்கொரு பை கொடுத்தது. அதுவும் மீன்தான்.)
ரீஸ் பிழிவான், பெத்தனி உலர்த்துவாள் என்று
ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினேன்.
இரண்டாம் நாள் 'ரீஸ்' இருந்த இடத்தில்
கோணல் எழுத்தில் 'அப்பா' இருந்தது.

ஞாயிறு மாலை கேவின்
கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தான்.
அணைத்த கையில் ஒரு மரம்.
நிஜ மரம். பின்பக்கம் கிளையே இல்லை.
சுவரோடு சாய்த்தால் தெரியாது என்றான்,
தம்பி வீட்டு மழைக்குழாயைச் சரிசெய்யப்போகிறேன் என்று
காலையில் கிளம்பிய மனிதன்.
நான் விலை கேட்கவில்லை.
பதினைந்து என்று நானே போட்டுக்கொண்டேன்,
பேனா முனை ஆட்டுக்குட்டியின் காதைக் குத்தும்படி.
இருபத்தாறு பவுண்ட் துண்டு விழுந்தது.
திங்கள் முழுக்கப் பேச்சில்லை.
உப்பை எடு என்பதைக்கூடப் பெத்தனி வழியாக அனுப்பினேன்.

செவ்வாய் இரவு
பழைய தலையணையைக் கிழித்துப் பஞ்செடுத்து
அவள் பனியனில் ஒட்டிக்கொண்டிருந்தோம்.
பசையை அவன் பக்கம் தள்ளும்போது பார்த்தேன்:
உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை
ஊசி ஊசியாய்ச் சிவப்பு.
ஒரு மரத்துக்கு அத்தனை கீறல் விழாது.

எத்தனை மரம்?
நூற்றுப்பத்து. லாரியிலிருந்து இறக்கி
ஒவ்வொன்றுக்கும் வலை மாட்டணும்.
கூலி?
அவன் பஞ்சைப் பிய்த்தான்.
இந்த மரமா, முப்பது பவுண்டா என்று கேட்டான்.
மழைக்குழாய்?
சொல்லியிருந்தால் நீ காசைத்தான் கேட்டிருப்பாய்.

கேட்டிருப்பேன். இப்போதும் கேட்பேன்.
ரீஸ் தலை நிமிராமல்
காதுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தான்,
இவ்வளவு கவனமாக அவன் எதையும் வெட்டியதில்லை.

தாளை எடுத்துப் பதினைந்தை அடித்தேன்.
இன்னும் பதினொன்று உதைக்கிறது.
கைக்கு வராமலே செலவான முப்பதை
எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை,
வரவிலா, பற்றிலா.
யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்
ஹீட்டர் மேல் காயப்போட்டிருந்த துண்டு
நழுவித் தரையில் விழுந்தது.
பெத்தனி ஒற்றைக் காதோடு எழுந்துபோய்
அதை எடுத்து உதறி
மரத்தின் கிளையில் விரித்தாள்.

கேவின் என்னைப் பார்த்தான்.
எடுக்கச் சொல்லவில்லை நான்.
முப்பது பவுண்ட் மரம்,
அதுவும் கொஞ்சம் வேலை செய்யட்டும்.