மாறி

மார்ச் அளவெடுப்பு முடிந்து
கப்பல் ஈசாஃபியோர்துர் திரும்பிய வாரம்
என் வரைபடத்தில் காட் மீன்கள் மெலிந்திருந்தன.
ஆறில் ஒரு பங்கு.
வயது ஏழு, நீளம் அதே எழுபத்தெட்டு,
உடம்பைத்தான் காணோம்.

கூட்டத்துக்கு ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள்.
இரைமீன் வடக்கே போய்விட்டது என்றான் ஹ்யால்டி.
அடித்தண்ணீர் அரை டிகிரி சூடு என்று
படம் போட்டுக் காட்டினாள் அய்லோய்க்.
கடலுக்கே ஏதோ துக்கம் போல என்றேன் நான்.
யாரும் சிரிக்கவில்லை.
பிடிப்பளவைக் குறைக்கச் சொல்லும் கடிதம்
கையெழுத்துக்குக் காத்திருந்தது.
துறைமுகத்தில் மூன்று படகுகளின் வங்கிக்கடன்
அந்தத் தாளுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

மேல்மாடியில் ஸ்டெய்ன்வோர்.
அட்டவணைகள் அவள் பொறுப்பு.
அவளிடம் அது
முழு_எடை_கிராம்.
பக்கத்து நெடுவரிசை
குடல்நீக்கிய_எடை_கிராம்.
ஆடுகிற தளத்தில் விரல் விறைக்க எடுத்த எண்ணுக்கு
செல்லப்பெயர் வைக்கிற பழக்கம் அவளுக்கில்லை.

எனக்கு உண்டு.
வினவலின் வாசலில் நிறுத்தி,
"இனி நீ எடை, அவ்வளவுதான்" என்பேன்.
நிரலுக்குள் வந்ததும் அதுவும் நீளம்,
வெறும் எ.
ஜனவரியில் பதனிடும் ஆலைக்காரர்கள் கேட்டார்கள் என்று
குடல் நீக்கியதை ஒருமுறை அழைத்துவந்தேன்,
அதே சட்டையைப் போட்டு.
திருப்பி அனுப்ப மறந்தேன்.

நிரல் முகம் பார்ப்பதில்லை.
பெயரைச் சொன்னால் கதவைத் திறந்துவிடும்.

இரவு எட்டரைக்கு ஸ்டெய்ன்வோர் இறங்கிவந்தாள்,
ஆறிப்போன காபியோடு.
என் திரையை நின்றபடியே படித்தாள்.
நாற்பதாவது வரியில் விரல் வைத்து
இரண்டே சொல் கேட்டாள்:
"எந்த எடை?"

நான் வாயைத் திறந்தேன்.
மூடினேன்.

மாறி என்று சொல்கிறோம்.
மாறட்டும், அதற்குத்தானே அது;
இன்று நாலு கிலோ, நாளை நாலேகால்.
அழைக்கிற பெயருமா கூடவே மாறவேண்டும்?
இந்தத் தீவில் அப்பா ஒரு கடைப்பெயர், மகள் ஒன்று, மகன் இன்னொன்று.
ஆனால் முதற்பெயர் அவரவருடையது,
தொலைபேசிப் புத்தகம் அதைத்தான் நம்பியது.
ஒரே வீட்டுக்குள் அவ்வளவு பெயரோடு
ஒருவரும் காணாமல் போகவில்லை.
ஒரு மாடிப்படி இறங்குவதற்குள்
நான் பதினோராயிரம் மீன்களின் வயிற்றைத் தொலைத்தேன்.

அன்றிரவே
ஒரு இரையும் தின்னாமல்
மீன்கள் பருத்தன.
கடிதம் கிழிபட்டது. ஹ்யால்டி மட்டும்
இரைமீன் போனது போனதுதான் என்று முறைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு மூன்று நாள்,
அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.
கடலில் எழுதியது எதுவோ அதுவே அட்டவணையில்,
அதுவே வினவலில், அதுவே வரைபடத்தின் ஓரத்தில்,
கீழ்க்கோடு உட்பட, கிராம் உட்பட.
நானூற்றுப் பன்னிரண்டு இடம்.
என் வரிகள் நீண்டு அசிங்கமாயின.
ஓரத்தைத் தாண்டித் தொங்கின.
படித்தால் புரிந்தன.

ஒன்றே ஒன்று பாக்கி.
ஆயிரத்து முந்நூற்று ஆறாவது வரியில்
எ2.
எனக்கு முன்பு இருந்தவர் வைத்தது.
அவர் அக்குரேய்ரியில் இப்போது குதிரை வளர்க்கிறார்,
கேட்டதற்கு "முக்கியமானது" என்று மட்டும் பதில் வந்தது.
அழித்தால் எல்லாம் நின்றுவிடுகிறது.
வைத்தால் என்னவென்று தெரியவில்லை.
ஸ்டெய்ன்வோர் அதைக் கடக்கும்போதெல்லாம்
குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்,
உறங்குகிற ஏதோ ஒன்றின் பக்கமாய்
நடந்து போவது போல.