ஆறாம் எண் அச்சு

மரீஞா கிராந்தே. ஜனவரி. இரவுப் பணி.
கத்தரி வெட்டியதும் ஆயிரத்து நூறு டிகிரியில்
ஒரு சொட்டுக் கண்ணாடி வழுக்கி இறங்குகிறது
வார்ப்பிரும்பின் வாய்க்குள்.
அச்சின் சூடு நானூற்றெண்பது.
கை வைத்தால் வெந்துவிடும்,
சொட்டுக்கோ அது குளிர்.

தொடுகிறது என்கிறோம்.
முழுதாகத் தொடுவதில்லை.
இரும்பின் நுண்ணிய மேடுகளில் மட்டும் படுகிறது,
பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்கிறது.
முதல் நொடியின் ஒரு துளியில்
கொடுக்க வேண்டியதைக் கொட்டிக் கொடுத்துவிட்டு
தோல் இறுகி, மயிரிழை சுருங்கி
விலகிக்கொள்கிறது கண்ணாடி.
மிச்ச நேரமெல்லாம் பட்டும் படாமலும்.

அச்சு திறந்தபின் உள்சூடு வெளியே வந்து
இறுகிய தோலை மறுபடி இளக்கும்.
அந்த இரண்டு நொடிக்குக் காவல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

இன்று ஆறாம் அச்சில் பிசகு.
ஆலிவ் எண்ணெய்க் குப்பிகளின் கழுத்தில்
விளக்கின் முன் திருப்பினால் மட்டும் மின்னும்
நகக்கீறல் விரிசல்.
காற்றாடியைக் குறை என்றான் ஃபிர்மினோ.
இடலீசியோ கிராஃபைட் மசியில் துடைப்பத்தைத் தோய்த்து
இன்னொரு முறை தடவினான்.
தடவியதும் வந்த எட்டுக் குப்பிகளை
வழக்கம்போல் உடைத்தோம்.
ஒன்பதாவதிலும் கீறல்.

தெர்மோகப்பிளைச் செருகி உட்கார்ந்தேன்.
478. பிறகு 441.
பிறகு, யாரும் எதையும் தொடாமலே, 476.
ஒரு மணி பத்துக்கு ஒரு சரிவு,
ஒன்று முப்பத்தைந்துக்கு,
அப்புறம் இரண்டு ஐம்பது வரை ஒன்றுமில்லை.

இரண்டு ஐம்பதுக்குத் திரும்பிப் பார்த்தேன்.
கிடங்குக் கதவு அகலத் திறந்திருந்தது.
பைன் காட்டைத் தாண்டி வந்த கடற்காற்று
நேரே ஆறின் மேல்.
வாசலில் ஒட்டீலியா, பெட்டி அடுக்குபவள்,
ஐம்பத்தொரு வயது,
மேல்சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு
முகத்தை இருட்டுக்குக் கொடுத்து நின்றாள்.
கழுத்திலிருந்து நெற்றி வரை
உள்ளிருந்து ஏறியது சிவப்பு.
என்னைக் கண்டதும்
"ரெண்டே நிமிஷம், தானா போயிடும்" என்றாள்.

எனக்கு நாற்பத்தாறு.
கதவைச் சாத்தச் சொல்ல வாய் வரவில்லை.

பழைய தகரம் ஒன்றை இழுத்து வந்து
கதவுக்கும் ஆறுக்கும் நடுவே நிறுத்தி
கம்பியால் கட்டினேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
'குறுக்குக் காற்று. தடுப்பு வைக்கப்பட்டது.'
யார், எதற்கு என்ற கட்டங்கள் காலி.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது.
ஆறு ஆறவில்லை.
474, 475, கீறலில்லாத கழுத்துகள்.

தகரம் திருப்பிவிட்ட காற்றில்
இப்போது ஐந்து இறங்குகிறது.
ஃபிர்மினோ கத்துகிறான்.
வருகிறேன், வருகிறேன்.