வடக்கெல்லை

புது ஃபிரிட்ஜ் வந்த பெட்டியை
ஒரு மாதமாகப் பால்கனியில் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது
இதற்குத்தான் என்றாள் தாமிரா.
உள்ளே நான்கு தெர்மாகோல் பலகைகள்.
முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலத்துக்குள்
நான்கும் கல்லறையாக வேண்டும்.

காய் நறுக்கும் கத்தியால் அறுத்தோம்.
பல் கூசும் சத்தம். மீட்டிங்கில்
என் மைக் அணைந்திருந்தது, நல்லவேளை.
ஃபேன் போடாதே என்று எழுதி ஒட்டியும்
மாறன் வந்து போட்டுவிட்டான்.
சர்ஜாபூர் சாலையில் அன்றைக்குப்
பனி பெய்த ஒரே வீடு எங்களுடையது.

முதல் பலகைக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தோம்.
பெயின்ட் அதைத் தின்றது.
கண்ணெதிரே குழிகுழியாக உள்வாங்கி
இரண்டே நிமிஷத்தில்
இருநூறு வருஷ மழையில் நின்ற கல்லாகிவிட்டது.
"தப்பா பண்ணினதுதாம்மா அசலா இருக்கு."
மற்ற மூன்றுக்கும், சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையில்
கறுப்பு போஸ்டர் கலர் குழைத்துப் பூசினோம்.

எழுத்து வெட்ட ஊதுபத்தி.
கொளுத்திய முனையை மெல்ல இழுத்தால்
வெண்ணெயில் விரல் போனாற்போல் பள்ளம் விழும்.
பூஜையறை வாசனையும் பிளாஸ்டிக் நாற்றமும் கலந்து கிளம்ப
எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தோம்.

மனுஷப் பெயர் வேண்டாம் என்றேன்.
ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.
அவள் யோசிக்கவே இல்லை:
பி பிளாக் லிஃப்ட். பிறந்த நாள் முதலே நோயாளி.
மூன்றாம் போர்வெல். ஆயிரத்து நானூறு அடியில் உயிர் நீத்தது.
அப்பாவின் டயட். திங்கள் காலை முதல் திங்கள் மதியம் வரை.

குழிவிழுந்த கல் மட்டும் பாக்கி.

அன்றிரவு ஆதார் நகல் தேடி
வீட்டுக்கடன் ஃபைலைப் பிரித்தேன்.
கிரயப் பத்திரம். நாலெல்லை விவரம்.
அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது,
படித்த ஞாபகம் இல்லை.
கிழக்கே நஞ்சுண்டப்பாவின் புஞ்சை.
தெற்கே வண்டிப்பாதை.
மேற்கே முனிவெங்கடம்மா வகையறா.
வடக்கே கொக்கரெகெரெ.

"கெரென்னா ஏரி. கொக்கரென்னா கொக்கும்மா."
வீட்டில் கன்னடம் அவளுக்குத்தான் வரும்.
இறங்கி, வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தோம்.
ஜெனரேட்டர். விசிட்டர் பார்க்கிங்.
விளக்கு எரிந்தபடி ஆளில்லாத பேட்மின்டன் கோர்ட்.

மற்றவை இங்கிலீஷில். அதற்கு மட்டும் கன்னடத்தில் சுட்டாள்:
இங்கே உறங்குகிறது கொக்கரெகெரெ.
பிறப்பு தெரியாது. இறப்பு 2011.

பொருளாளர் ஷடாக்ஷரி லிஃப்டுக்கு வாய்விட்டுச் சிரித்தார்.
நான்காவதைப் படித்துவிட்டு
ரீசேல் வேல்யூ பற்றி மெதுவாக ஏதோ சொன்னார்.
ரேம்ப் ஓரம், யார் கண்ணிலும் படாத இடம் கிடைத்தது.
துடைப்பக் குச்சிகளைக் காலாக்கி நட்டோம்.

குட்டிச் சூனியக்காரிகள் மிட்டாய் கேட்டுக் கிளம்பும் முன்னே
மழை பிடித்துக்கொண்டது.
விடிய விடிய.

காலையில் ராஜ்யோத்சவக் கொடியேற்ற வந்தவர்கள்
பேஸ்மென்ட் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.
கார்களின் பக்கக் கண்ணாடிவரை தண்ணீர்.
நிஜக் கல் என்றால் மூழ்கியிருக்கும்.
லிஃப்ட் குப்புறக் கிடந்தது. டயட் இரண்டாக உடைந்திருந்தது.
போர்வெல்லைக் காணவே காணோம்.
கொக்கரெகெரெ மட்டும் மல்லாந்து,
பெயரை மேலே காட்டியபடி
இரண்டு இன்னோவாக்களுக்கு நடுவே
அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது,
வாடகைக்கு விட்ட வீட்டை
ஒருமுறை பார்த்துப்போக வந்ததுபோல.

"இப்ப அந்த வருஷத்தை என்ன பண்றது?"
சுட்ட எழுத்தை அழிக்க முடியாது என்றேன்.
பம்ப் வரப் பத்து மணியாகும் என்றான் வாட்ச்மேன் தீபங்கர்.
ஷடாக்ஷரி செருப்பைக் கையில் பிடித்தபடி
கடைசிப் படியில் உட்கார்ந்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் சேர்க்கலாம் இல்லையா, என்றாள் தாமிரா,
ஒரு கேள்விக்குறி மாதிரி ஏதாவது?
பதிலுக்கு நிற்காமல் ஊதுபத்தி எடுத்துவர ஓடினாள்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஏழு மாடி.