இரண்டுங்கெட்டான் வேளை

தாலின் நகரம், லாஸ்னமெயெ, ஒன்பது மாடி.
ஜூன் மாதம். இரவு பதினொன்றரை.
விளக்குப் போடாமலே திருப்புளி தெரிகிறது.
ஏழாம் மாடி எண்டெல் புகார் எழுதியிருக்கிறார்:
‘லிஃப்ட் வருகிறது, கதவு திறப்பதில்லை.
வருஷத்துக்கு இரண்டு தடவை.
நான் குடித்திருக்கவில்லை.’

மோட்டார் அறையில் பலகையைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டேன்.
விரல் எடுத்த பின்னும்
அழுத்தினார், அழுத்தினார் என்று
சொல்லிக்கொண்டே இருப்பது ஃபிளிப்-ஃபிளாப்.
உள்ளே எதிரும் புதிருமாய் இரண்டு வாயில்கள்;
ஒன்றின் ‘இல்லை’தான் மற்றதன் ‘ஆம்’,
அந்த ‘ஆம்’ சுற்றிவந்து ‘இல்லை’யைத் தாங்கும்.
மின்சாரம் உள்ளவரை பேச்சு மாறாது.

கடிகாரத் துடிப்பு ஏறும் கணத்தில் மட்டும் கண் திறக்கும்.
மற்ற நேரம் வாசலில் யார் கத்தினாலும் கேளாது.
எண்டெலின் விரலுக்கோ கடிகாரம் தெரியாது.

அலையாக்கியை விரலாக்கி
அவர் ஆயுளுக்கும் அழுத்தாத அளவு அழுத்தினேன்.
திரையில் கோடு ஏறியது
பாதியில் நின்றது.
பூஜ்யமும் இல்லை.
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை:
மதில்மேல் பூனை.
ஏதோ ஒரு பக்கம் குதித்துவிடும்,
எப்போது என்றுதான் யாரும் எழுதித்தர முடியாது.
அதற்குள் மோட்டார் அதை ‘ஆம்’ என்று படித்தது,
கதவு ‘இல்லை’ என்று படித்தது.

எண்டெல் குடித்திருக்கவில்லை.

சில்லின் முதுகில் ரஷ்ய எழுத்து, பதினான்கு கால்.
ஒரே கூட்டில் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்கள் குடியிருக்க
இரண்டாவதற்கு யாரும் வேலையே தரவில்லை.
நாற்பது வருஷம்!
ஐந்தாம் காலிலிருந்து பன்னிரண்டுக்கு ஒரு கம்பி,
மூன்றிலிருந்து பதினொன்றுக்கு இன்னொன்று.
முன்னது தடுமாறட்டும்.
பின்னது அடுத்த துடிப்புவரை பொறுத்து,
பிறகு கேட்டு,
கேட்டதை இருவருக்கும் ஒன்றாகச் சொல்லும்.

“முழுக்கத் தீருமா?” என்றாள் குடியிருப்போர் சங்கத்து விர்வே.
தீராது. பல்லாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வரலாம்.
“வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவேன்” என்று
கையெழுத்துப் போட்டாள்.

மணி இரண்டு. கூரைக்கு வந்தேன்.
வடக்கே வானம் வெளுத்துக் கிடக்கிறது,
போன பொழுதா வரும் பொழுதா தெரியவில்லை.
தார்த்துவுக்கு வருகிறாயா என்று
லெம்பித் கேட்டு மூன்று நாளாகிறது.
போனைத் திறந்தேன். மூடினேன்.
கீழே யாரோ அழுத்தினார்கள்.
கம்பிவடம் ஓடியது, நின்றது.

கதவு திறக்கும் சத்தம்.