கோழி ஏறிய ரொக்கெட்

வருகிற பதினெட்டாம் திகதி படம் வருகிறது.
பேக்கரிக் கதவில் சுவரொட்டி:
மூக்கைத் தூக்கியபடி ஒரு ரொக்கெட்,
அதன் அடியில் வாயைப் பிளந்துகொண்டு எங்கள் ஊர்.

எங்கள் ஊர் என்றால் ப்ளூவெர்னாக்.
பிரெத்தாஞ் கரையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
எங்கள் வீட்டு மூவரையும் சேர்த்து.
ஒரு தேவாலயம், இரண்டு மதுச்சாலை,
வருடத்தில் இருநூறு நாள் மழை.
மழை என்றால் கோபிப்பார்கள்.
அது கடலின் மூச்சாம்.

கதை இதுதான்.
பாரிஸ் தங்களை மதிக்கவில்லை என்று ஒரு மேயர்
மீன்டின் தகரத்தை அடித்து நிமிர்த்தி
சந்திரனுக்கு ஆள் அனுப்பப் பார்க்கிறார்.
கொடி முதலில் போகும். ஆள் பிறகு.
"பூமி இங்கேதான் முடிகிறது, இனி மேலே மட்டும்தான் வழி"
என்று அவர் முழங்க, கூட்டம் கைதட்டும்.

அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன்,
நாளுக்கு நூற்றைந்து யூரோ, மதியம் சாப்பாடு.
மஞ்சள் மழைச்சட்டை தந்து கடைசி வரிசையில் விட்டார்கள்.
"இந்த மண்ணுக்கே உரிய கோபம் வேண்டும்" என்றாள் உதவி இயக்குநர்.
எனக்குத் தெரிந்த கோபத்தைக் காட்டினேன்:
பாரிஸில் எங்கள் ஊர்ச் சங்க ஆண்டுவிழாவில்
அடுத்த ஊர்க்காரன் ஒருவன்
எங்கள் வடையைத் தங்கள் வடை என்றபோது வந்த அதே கோபம்.
"அற்புதம்" என்றாள்,
"ஏழு தலைமுறையாக இங்கே இருப்பவர் போல!"

உண்மையான மேயர் ஈவோன் கெர்மரெக்குக்கு மனக்குறை.
முட்டாளாகக் காட்டியதில் இல்லை.
நடிகரின் மீசை
தன் மீசையில் பாதிகூட இல்லையே என்று.

அதைவிடப் பெரிய அவமானம் பிறகு தெரியவந்தது.
மணிக்கூண்டுக் காட்சியை
லான்கெவெனில் எடுத்திருக்கிறார்கள்!
நான்கு கிலோமீற்றர் தள்ளி, எதிரி தேசம்,
வெண்ணெயில் உப்பைக் குறைக்கிற ஆட்கள்.
மதுச்சாலை சூசிக் கிளாஸை உடைத்தே விட்டாள்:
"சிரிக்கிறதென்றால்
முழுசாக எங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும்.
அவர்களுக்கு எதற்குப் பங்கு?"

படக்குழு போய்விட்டது, ரொக்கெட் போகவில்லை.
கழற்றக் கூடாதென்று ஊர்ச்சபைத் தீர்மானம்.
ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை;
அவருடைய மாட்டு நிலத்தில்தான் அது நிற்கிறது.
உயரம் பதினொரு மீற்றர் என்று பலகை வைத்தோம்.
அடுத்த மாதமே லான்கெவெனில்
பன்னிரண்டு மீற்றரில் ஒன்று முளைத்தது.
இப்போது எங்களுடையதின் உச்சியில்
ஒரு பழைய தொலைக்காட்சி அன்ரனா.
பன்னிரண்டு மீற்றர் நாற்பது.
அளந்தது நான். ஏணியைப் பிடித்தது மேயர்.

முதல் காட்சிக்கு நாற்பது இருக்கை பிடித்துவிட்டார்.
உரை இரண்டு எழுதி வைத்திருக்கிறார்,
படத்தைக் கண்டித்து ஒன்று, வரவேற்று ஒன்று.
இரண்டிலும் கடைசிப் பக்கம் ஒன்றுதான்:
வாகனத் தரிப்பிடம் இலவசம்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்
வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம்.
இதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.
தவிர, கோழி தானாகவே வந்துவிட்டது.
நேற்றுக் காலை பார்த்தோம்,
விமானி இருக்கையில் நான்கு முட்டை.

மேயர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து நின்றார்
கொஞ்ச நேரம்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"லான்கெவெனில் எத்தனை?"

"மூன்று" என்றேன்,
விசாரிக்காமலே.